ஈவன்ட்-ஸ்ட்ரீம், 2018: ஓய்ந்துபோன திட்டத்தின் சாவி யார் கையில்?

2018 அக்டோபர் கடைசி. நோட்மான் என்ற கருவியைப் பயன்படுத்தும் சிலரின் திரையில் ஓர் எச்சரிக்கை வரி எட்டிப் பார்த்தது. குறியாக்கத்தை அவிழ்க்கும் ஒரு பழைய செயற்கூறு வழக்கொழிகிறது, வேறொன்றுக்கு மாறுங்கள் என்றது. அவ்வளவுதான். நிரல் ஓடியது, எதுவும் உடையவில்லை. ஆனால் யோசித்தால் விஷயம் இடிக்கிறது. நோட்மான் செய்வது ஒரே வேலை: கோப்பு மாறினால் நிரலை நிறுத்தி மறுபடி ஓட்டும். அதற்கு எதற்குக் குறியாக்கத்தை அவிழ்க்க வேண்டும்?

சிலர் நூல் பிடித்துப் போனார்கள். நோட்மான் நம்பியிருக்கும் பேக்கேஜ் (பிறர் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்ட நிரல் தொகுப்பு), அது நம்பியிருக்கும் இன்னொன்று, அதற்குக் கீழே ஈவன்ட்-ஸ்ட்ரீம், அதற்கும் கீழே அதுவரை யாரும் கேள்விப்பட்டிராத ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம். நவம்பர் 20 அன்று ஒருவர் ஈவன்ட்-ஸ்ட்ரீமின் மூல நிரல் இருக்கும் கிட்ஹப் தளப் பக்கத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். 26-ஆம் தேதி, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான என்.பி.எம்.-இன் நிர்வாகம், திருட்டு நிரல் ஒளிந்திருந்த ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீமை அங்கிருந்து தூக்கியது. ஈவன்ட்-ஸ்ட்ரீமின் 3.3.6 பதிப்பும் போனது.

பாதுகாப்புத் துறையினர் இந்தக் கதையைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள். அவர்களுடைய கேள்வி, எப்படித் திருட முயன்றார்கள் என்பது. எனக்கு அதற்கு முந்தைய கட்டம்தான் முக்கியம். ஒருவர் தான் வருடக்கணக்காகத் தொடாத ஒரு திட்டத்தை என்ன செய்வது என்று ஒரு முடிவெடுத்தார். அந்த முடிவைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

பேக்கேஜும் அதை எழுதியவரும்

எழுதியவர் டொமினிக் டார். ஜாவாஸ்கிரிப்ட் நிரலை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் ஜே.எஸ்.-இன் உலகம் சின்னதாக இருந்த காலத்து ஆள். என்.பி.எம்.-இல் அவர் பெயரில் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் இருந்தன. ஸ்ட்ரீம் என்பது தரவை மொத்தமாக நினைவகத்தில் ஏற்றாமல் துண்டு துண்டாக ஓடவிடும் முறை. ஆரம்பகால நோட் ஜே.எஸ்.-இல் அதைக் கையாள்வது கொஞ்சம் முரட்டு வேலை. அதைச் சுலபமாக்க எழுதிய கருவிப்பெட்டிதான் ஈவன்ட்-ஸ்ட்ரீம். பிற்பாடு நோட் ஜே.எஸ்.-ஏ தேறிவிட்டது, வேறு நல்ல பேக்கேஜ்களும் வந்தன. டார் இதைத் தன் வேலைக்குப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டார்.

பேக்கேஜ் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. வாரத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவிறக்கங்கள். அதில் பெயர் சொல்லிக் கேட்டு இறக்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு அது சார்பின் சார்பாக (அவர்கள் நம்பியிருக்கும் பேக்கேஜ் நம்பியிருக்கும் இன்னொரு பேக்கேஜாக), அவர்களுக்கே தெரியாமல் வந்து இறங்கியது. எழுதுகிற பக்கம் மயான அமைதி, இறக்குகிற பக்கம் திருவிழாக் கூட்டம், ஒரு பக்கம் இருப்பது இன்னொரு பக்கத்துக்குத் தெரியாது. ஓய்ந்த திட்டங்களில் இந்த முரண் அடிக்கடி தென்படும்.

ஒரு மின்னஞ்சல்

முன்பின் தெரியாத ஒருவர் எழுதினார்: இந்தப் பேக்கேஜை நான் பராமரிக்க விரும்புகிறேன். டார் கொடுத்துவிட்டார். விஷயம் வெடித்த பிறகு அவர் எதையும் மறைக்கவில்லை. இதைப் பராமரிப்பதால் தனக்கு எதுவும் கிடைப்பதில்லை, தான் இதைப் பயன்படுத்துவதுகூட இல்லை, அவர் கேட்டார், கொடுத்தேன் என்று சொன்னார். நோட் ஜே.எஸ்.-இன் ஆரம்ப நாட்களில் இப்படி உரிமையைப் பகிர்வது சகஜம் என்றும் விளக்கினார். அது உண்மைதான். அந்தப் பழக்கம் இல்லாமல் அந்த உலகம் அவ்வளவு வேகமாக வளர்ந்திருக்காது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். "திட்டத்தைக் கொடுத்தேன்" என்கிறோமே, கொடுத்தது என்ன? நிரலையா? அதைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. எம்.ஐ.டி. உரிமத்தில் இருந்த அதை யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, தங்கள் பெயரில் வெளியிட்டிருக்கலாம். கைமாறியது என்.பி.எம்.-இல் அந்தப் பெயரின் கீழ் புதுப் பதிப்பு வெளியிடும் உரிமை. அதாவது, "அடுத்த பதிப்பு வந்தால் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறேன்" என்று எண்ணற்ற கணினிகள் ஏற்கெனவே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த வெற்றுத்தாள்.

அதோடு இன்னொரு விசித்திரமும் சேர்ந்தது. கிட்ஹப் ரெப்போ, அதாவது மூல நிரல் இருக்கும் இடம், டாரின் கணக்கிலேயே இருந்தது. பார்ப்பவர் கண்ணுக்குப் பழைய ஆசிரியரின் பெயர், பழைய முகவரி, பழைய நட்சத்திரங்கள். வெளியீட்டு உரிமை மட்டும் வேறொருவரிடம். நவம்பரில் எல்லோரும் டாரைப் பிடித்து உலுக்கியபோது, எனக்கு இப்போது என்.பி.எம்.-இல் வெளியிடும் உரிமையே இல்லை என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது.

சாவி எதற்குப் பயன்பட்டது

புதியவர் அவசரப்படவில்லை. முதலில் சில சாதாரண காமிட்கள், அதாவது நிரலில் பதிவாகும் மாற்றங்கள். செப்டம்பர் 9 அன்று 3.3.6 பதிப்பு வெளியானது. அதில் புதிதாக ஒரு சார்பு, ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம். அப்போது அதில் தப்பாக எதுவும் இல்லை. ஒரு வாரத்தில் அந்தச் சார்பை எடுத்துவிட்டு, அதே வேலையைத் தானே எழுதி, 4.0.0 என்று ஒரு பெரிய பதிப்பு போட்டார். ரெப்போவின் முகப்பைத் திறந்து பார்ப்பவருக்கு இப்போது எல்லாம் சுத்தம். ஆனால் பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோர் "3-ஆம் வரிசையில் கடைசியாக வந்தது எதுவானாலும் சரி" என்று எழுதி வைத்திருந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது 3.3.6. அக்டோபர் 5 அன்று ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீமின் 0.1.1 பதிப்பு வந்தது. நஞ்சு அதில்தான் இருந்தது, அதுவும் என்.பி.எம்.-இல் ஏற்றிய கோப்பில் மட்டும். கிட்ஹப்பில் இருந்த மூல நிரலைப் படித்தவர்களுக்கு ஒன்றும் தட்டுப்பட்டிருக்காது.

நஞ்சு ஒரு குறியாக்கப் பொட்டலமாக இருந்தது. அதைத் திறக்கும் சொல், அது எந்தச் செயலிக்குள் சேர்க்கப்படுகிறதோ அந்தச் செயலியின் விவரிப்பு வரி. கோபே என்ற பிட்காயின் பணப்பையின் விவரிப்பு மட்டுமே பொருந்தும். மற்ற எல்லா இடங்களிலும் பொட்டலம் திறக்காது, சத்தமில்லாமல் விலகிவிடும். கோபேவுக்குள் திறந்தால், 100 பிட்காயினுக்கு மேலோ 1000 பிட்காயின் கேஷுக்கு மேலோ வைத்திருக்கும் கணக்குகளின் ரகசியச் சாவிகளை வெளியே அனுப்பும். கோபேவின் 5.0.2 முதல் 5.1.0 வரையிலான பதிப்புகளில் இது ஏறியிருந்தது.

மாட்டியது எப்படி? பொட்டலத்தை அவிழ்க்கப் பழைய செயற்கூறைப் பயன்படுத்தியிருந்தார்கள். அக்டோபர் 23 அன்று வெளியான நோட் ஜே.எஸ். 11, அந்தச் செயற்கூறை யாராவது அழைத்தால் எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. பொட்டலம் எல்லார் கணினியிலும் ஒருமுறை திறக்க முயன்று பார்க்குமே, அதனால் நோட் ஜே.எஸ். 11-க்கு மாறியிருந்தவர்கள் திரையில் அந்த வரி. புதிய செயற்கூறைப் பயன்படுத்தியிருந்தால் அந்த எச்சரிக்கையே வந்திருக்காது. சோம்பேறித்தனமோ கவனக்குறைவோ, அந்த ஒரு வரிதான் காப்பாற்றியது. இதைத் தற்காப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அவர் இடத்தில் இருந்தால்?

டாரைத் திட்டியவர்கள் ஏராளம். நான் அந்தக் கட்சி இல்லை. சம்பளமில்லாமல் எழுதிக் கொடுத்த ஒன்றை வாழ்நாள் முழுக்கக் காவல் காக்க வேண்டும் என்று எந்த உரிமமும் சொல்லவில்லை. எம்.ஐ.டி. உரிமமோ எந்த உத்தரவாதமும் இல்லை என்று நேர்மாறாகவே சொல்கிறது. ஆனால் அன்று அவர் முன்னால் இருந்த வழி அது ஒன்றுதானா என்று கேட்பது திட்டுவது ஆகாது.

முதல் வழி, எதுவும் செய்யாமல் இருப்பது. மின்னஞ்சலுக்குப் பதிலே போடாமல் விட்டிருந்தால்? 3.3.6 வந்திருக்காது, இந்தச் சம்பவமும் நடந்திருக்காது. குறுகிய காலத்துக்கு இது நல்ல முடிவாகவே தெரியும். ஆனால் சும்மா கிடப்பதும் பாதுகாப்பு ஆகாது என்பதற்கு கோகோபாட்ஸ் சாட்சி. ஆப்பிள் செயலிகளுக்கான பேக்கேஜ் நிர்வாகி அது. 2014-இல் புதிய சேவையகத்துக்கு மாறியபோது, உங்கள் பேக்கேஜ்களை வந்து உரிமை கோருங்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். வராதவர்களின் 1,866 பேக்கேஜ்கள் அனாதையாக நின்றன. அவற்றை யார் வேண்டுமானாலும், ஆசிரியர்தான் என்ற சான்று எதுவும் காட்டாமல், தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும் வழி 2023 வரை திறந்தே கிடந்தது. 2024-இல் ஒரு பாதுகாப்புக் குழு அதை வெளியே சொன்னபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆளில்லாத பேக்கேஜின் சாவி தொலைந்துபோவதில்லை, வேறு எங்கோ ஒரு கொக்கியில் தொங்கும்.

இன்னொரு கோடி, ஒரேயடியாக அழித்துவிடுவது. இதை விவாதிக்கக்கூட வேண்டியதில்லை. 2016 மார்ச் 22 அன்று 11 வரி நீளமுள்ள லெஃப்ட்-பேட் என்ற பேக்கேஜை அதன் ஆசிரியர் நீக்கியபோது உலகெங்கும் நிரல் கட்டுமானங்கள் உடைந்தன. வெளியிட்ட பேக்கேஜை நினைத்த மாத்திரத்தில் நீக்க முடியாதபடி என்.பி.எம். அதன் பிறகு விதியை இறுக்கியது.

நிறுத்திவிட்டேன் என்று பலகை மாட்டுவது மூன்றாவது வழி. பேக்கேஜுக்கு "வழக்கொழிந்தது" என்று குறி வைக்கும் வசதி என்.பி.எம்.-இல் அப்போதே இருந்தது. ரெப்போவைப் படிக்க மட்டும் விடும் ஆர்க்கைவ் வசதியை கிட்ஹப் 2017 நவம்பரிலேயே கொடுத்திருந்தது. இரண்டும் சேர்ந்து சில நிமிட வேலை. இதை நல்லபடியாகச் செய்து காட்டியது ரிக்வெஸ்ட் என்ற பேக்கேஜ். ஈவன்ட்-ஸ்ட்ரீமைவிடப் பல மடங்கு புழக்கத்தில் இருந்த அதை, 2020 பிப்ரவரியில் அதன் பராமரிப்பாளர்கள் முறைப்படி முடித்து வைத்தார்கள். காரணமும் சொன்னார்கள்: மொழியே மாறிவிட்டது, இந்த வடிவம் பழையது, நாங்கள் ஒதுங்கினால்தான் புதியவை வளரும். சரி, அதற்கு விலை இல்லையா? இருந்தது. 2023-இல் ரிக்வெஸ்ட்டில் ஒரு பாதுகாப்புக் குறை பதிவானபோது, மூலப் பேக்கேஜில் அதைச் சரிசெய்ய ஆளில்லை. தேவைப்பட்டவர்கள் ஃபோர்க் போட்டு, அதாவது நிரலைப் பிரதியெடுத்து, தங்கள் பெயரில் திருத்திக்கொண்டார்கள். அந்த விலை எனக்குச் சம்மதம். திருத்தப்படாத ஒரு குறை, யார் என்றே தெரியாதவரிடமிருந்து தானாக வந்து இறங்கும் புதுப் பதிப்பைவிடத் தேவலை. எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும்.

பலகை மாட்டுவதற்கு முன் ஒரு கேள்வி உண்டு. திட்டம் ஓய்ந்துவிட்டதா, முடிந்துவிட்டதா? கடைசி காமிட்டின் தேதியைப் பார்த்து உயிர் இருக்கிறதா என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. டெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு 2014-க்குப் பிறகு அடுத்த திருத்தம் 2021-இல்தான் வந்தது, பதிப்பு எண்ணில் பை மதிப்பின் ஓர் இலக்கம் கூடியது. அதை எழுதிய டொனால்ட் குனூத் அது முடிந்த மென்பொருள் என்றே அறிவித்திருக்கிறார். அதற்கு நேர் எதிரான அமைதியும் உண்டு. ஸீ-லிப் என்ற சுருக்க நூலகம் இல்லாத கணினியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதன் 1.2.11 பதிப்பு 2017 ஜனவரியில் வந்தது, அடுத்த 1.2.12 வந்தது 2022 மார்ச்சில். நடுவில் ஐந்து வருடம் அமைதி. நிலையான மென்பொருள், அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 2018-இலேயே கண்டுபிடித்துத் திருத்தமும் எழுதப்பட்ட ஒரு நினைவகப் பிழை, வெளியீடு ஆகாமல் ரெப்போவுக்குள் நான்கு வருடம் தூங்கிக்கொண்டிருந்தது. வேறொருவர் அதே பிழையில் தடுக்கி விழுந்த பிறகுதான் விழித்தார்கள். வேலை நடந்தது, வெளியீடு நடக்கவில்லை. ஆக, காமிட் எண்ணிக்கை இரண்டு திசையிலும் ஏமாற்றும். நான் பார்க்க விரும்புவது, பாதுகாப்புக் குறை ஒன்று வந்தால் அடுத்த மாதத்துக்குள் புதுப் பதிப்பு போட ஆள் இருக்கிறாரா என்பதை.

வாரிசு தேடுவதில் ஒரு முறை

டார் தேர்ந்தெடுத்தது வாரிசு. அது தப்பான வழி என்று சொல்ல வரவில்லை. அந்தரங்கமாக, ஒரே மின்னஞ்சலில் நடந்ததுதான் குறை. இதைப் பகிரங்கமாகச் செய்ய வழிகள் பல காலமாக இருக்கின்றன, என்.பி.எம்.-இல் மட்டும் அந்த மரபு வேர் விடவில்லை.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு பொதியை (பேக்கேஜை) விட்டுவிட நினைப்பவர் வழுப்பதிவு அமைப்பிலேயே அறிவிப்பு போடுகிறார். தத்துக் கொடுக்க விரும்புகிறேன் என்பதற்கு ஒரு குறி, அனாதையாக விடுகிறேன் என்பதற்கு இன்னொரு குறி, உதவி வேண்டும் என்பதற்கு மூன்றாவது. அனாதையானதைத் தரக் குழு பெயரளவில் தாங்கிக்கொள்ளும். ஆள் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தால் மீட்பு நடைமுறை உண்டு: எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று அறிவித்துவிட்டு, பழையவர் மறுப்பு சொல்ல 21 நாள் காத்திருக்க வேண்டும். பெர்ல் மொழியின் சீபான் களஞ்சியத்தில் இன்னும் எளிமை. "என்னைத் தத்தெடு" என்று பொருள்படும் ஒரு போலிப் பயனரை இணைப் பராமரிப்பாளராகச் சேர்த்துவிட்டால் போதும், பார்ப்பவருக்கு நிலைமை புரிந்துவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலோ பராமரிப்பாளர் பட்டியல் கோப்பிலேயே ஒவ்வொரு பகுதிக்கும் நிலை எழுதியிருக்கும்: பராமரிப்பில் உள்ளது, அவ்வப்போது திருத்தம், அனாதை, காலாவதி என்று.

அனாதை என்று எழுதி வைக்க யாரும் அங்கே கூச்சப்படுவதில்லை. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். பல தனிநபர் ரெப்போக்களில் அந்த ஒரு வார்த்தையை எழுத மனம் வராமல்தான் வருடங்கள் ஓடுகின்றன. "நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன்" என்ற வரியை எத்தனை முகப்புகளில் பார்த்திருக்கிறேன்!

பைத்தானின் பேக்கேஜ் களஞ்சியத்தில் எழுத்துபூர்வமான விதியே இருக்கிறது, பெப் 541. கைவிடப்பட்டது என்று ஒன்றைச் சொல்ல மூன்றும் பொருந்த வேண்டும்: உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, 12 மாதமாக வெளியீடு இல்லை, திட்டத்தின் பக்கத்திலும் அவர் நடமாட்டம் இல்லை. தொடர்புகொள்ளக் குறைந்தது மூன்று முயற்சி, ஆறு வாரம் வரை. அதற்கும் மேலே, பெயரைக் கேட்பவர் தன் ஃபோர்க்கில் ஏற்கெனவே செய்த வேலையைக் காட்ட வேண்டும். வேறு பெயரில் வெளியிடுவது ஏன் போதாது என்றும் விளக்க வேண்டும்.

அந்தக் கடைசிக் கேள்வியை ஈவன்ட்-ஸ்ட்ரீமுக்குப் போட்டுப் பாருங்கள். "நீங்கள் ஏன் வேறு பெயரில் தொடங்கக் கூடாது?" நேர்மையான ஆர்வலருக்கு இது சின்ன அசௌகரியம், புதுப் பெயரில் பயனர்களைச் சம்பாதிக்க நாளாகும். திருட வந்தவருக்கோ மொத்தத் திட்டமும் இந்த இடத்தில் நொறுங்கிவிடும், ஏனென்றால் அவருக்குத் தேவை அந்தப் பத்து லட்சம் பதிவிறக்கங்கள்தான். கேட்பதற்கு ஒரு வரி. ஜாவா செயலிகள் தங்கள் நடவடிக்கைகளைப் பதிவு செய்யப் பயன்படுத்தும் லாக்4ஜே 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆயுள் முடிந்தது என்று அதை நடத்திய அப்பாச்சி அறக்கட்டளை 2015-இல் அறிவித்தும் பலர் அதை விடவில்லை. 2022-இல் அதில் குறைகள் வரிசையாகப் பதிவானபோது, அதை முதலில் எழுதிய செக்கி குல்ஜுவே ரீலோட்4ஜே என்ற வேறு பெயரில் ஃபோர்க் போட்டுத் திருத்தினார். வேண்டியவர்கள் தெரிந்தே மாறிக்கொண்டார்கள், யார் தலையிலும் அது தானாகப் போய் ஏறவில்லை.

நிறுவனம் இருந்தால் மட்டும் எளிதா?

தனி ஆள் என்பதால்தான் இப்படி ஆனது, ஒரு அறக்கட்டளையின் கீழ் இருந்திருந்தால் நடந்திருக்காது என்று வாதிடுபவர்கள் உண்டு. பாதி சரி. அப்பாச்சி அறக்கட்டளை 2008-இல் அட்டிக் என்ற பரண் ஒன்றைக் கட்டியது. வெளியீட்டுக்குக் குறைந்தது மூன்று மேலாண்மைக் குழு உறுப்பினர்களின் ஆதரவு ஓட்டு வேண்டும் என்பது அங்கே விதி. அந்த மூன்று பேர்கூடத் தேறவில்லையென்றால் திட்டம் பரணுக்கு ஏறும். நிரலும் பதிவிறக்கமும் இருக்கும், புது வெளியீடு வராது. பரணில் இருப்பவர்கள் பிழை திருத்துவதில்லை, ஆள் சேர்ப்பதும் இல்லை. புதுக் குழு கூடினால் இறக்கிக்கொள்ளலாம். ஜாவாவுக்கு மாற்றாக எழுதப்பட்ட ஹார்மனி 2011-இல் அங்கே போனது. அதன் நிரலின் ஒரு பகுதி அதற்கு முன்பே ஆண்ட்ராய்டுக்குள் குடியேறியிருந்தது.

ஆனால் பெயர் பெரியதானால் பரணில் ஏற்றவும் கை நடுங்கும். 2016 ஜூலையில் அப்பாச்சியின் அலுவலக மென்பொருளான ஓப்பன் ஆஃபிஸில் ஒரு பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டது, ஆனால் திருத்திய பதிப்பு கையில் இல்லை. செப்டம்பர் முதல் தேதி, திட்டத்தின் அப்போதைய தலைவர் அஞ்சல் பட்டியலில் ஒரு கடிதம் போட்டார்: ஓய்வு பெறுவதென்றால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும்? நிரல், பதிவிறக்கங்கள், தளங்கள், உதவிப் பட்டியல்கள், வணிகப் பெயர் எல்லாம் எங்கே போகும் என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். முடிவு எடுத்தாயிற்று என்று அவர் சொல்லவே இல்லை. ஆனாலும் செய்தி தீயாய்ப் பரவியது. அடுத்த மாதமே 4.1.3 பதிப்பு வந்தது, திட்டம் தொடர்ந்தது. தொடர்ந்தது நல்லதா? 2010-இல் பிரிந்துபோன லிப்ரெ ஆஃபிஸில்தான் பெரும்பாலான நிரலாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெயரை மட்டும் விடாமல் பிடித்து வைத்ததில், பெயரை நம்பி வரும் பயனர்களுக்கு நன்மை நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கடிதத்தை மட்டும் பாராட்டுவேன். கேள்வியை எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

ஒரு வலுவான மறுப்பு

"தெரியாதவருக்குக் கொடுக்காதே" என்பதை விதியாக்கினால் போதுமா? லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்.இசட். என்ற சுருக்கக் கருவியில் நடந்த சம்பவம் அந்த ஆறுதலையும் பறித்துவிட்டது. ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் 2021-இலிருந்து உருப்படியாக வேலை செய்தார். 2022-இல் வேறு சில கணக்குகள் முளைத்து, திட்டம் தேங்கிவிட்டது, இன்னொருவரிடம் கொடுங்கள் என்று தனியாளாக இருந்த பராமரிப்பாளரை நெருக்கின. இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதை நினைவில் கொள்ளுங்கள் என்று அவர் பதில் எழுதினார். கடைசியில் பொறுப்பு கைமாறியது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி, இருந்தது. உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் தோண்டிப் பார்த்து மார்ச் 29 அன்று வெளியிட்டார். மறுபடியும் ஒரு தற்செயல்.

இரண்டு வருடம் நல்ல வேலை செய்து காட்டியவரைத் தெரியாதவர் என்று எப்படிச் சொல்வது? பெப் 541-இன் நிபந்தனைகளைக்கூட அவர் அலட்டிக்கொள்ளாமல் தாண்டியிருப்பார். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பாதிப் பதில் உண்டு: காமிட் உரிமையையும் வெளியீட்டு உரிமையையும் ஒரே கையில் கொடுக்காமல் இருப்பது. நிரல் எழுதுபவர் ஒருவர், பதிப்பை வெளியிட ஒப்புதல் தருபவர் இன்னொருவர். வெளியிடும் கோப்பு ரெப்போவில் இருக்கும் நிரலிலிருந்தே உருவானது என்று யார் வேண்டுமானாலும் சரிபார்க்கும்படி இருப்பது. கவனியுங்கள், ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீமிலும் எக்ஸ்.இசட்.-டிலும் வெளியிட்ட கோப்பும் ரெப்போவும் ஒத்துப்போகவில்லை. எக்ஸ்.இசட்.-டில் பின்கதவைத் தூண்டும் வரிகள் வெளியீட்டுச் சுருக்கக் கோப்பில் மட்டுமே இருந்தன. ஆனால் இந்த இரண்டாவது ஆளை எங்கே தேடுவது? ஒருவரே இல்லாமல்தானே திட்டம் ஓய்ந்தது. அதனால்தான் நான் திரும்பத் திரும்ப மூடுவதையே முதல் தெரிவாகச் சொல்கிறேன். இரண்டு பேர் தேறினால் கைமாற்றலாம். ஒருவர் மட்டும்தான் வருகிறார் என்றால், அவர் எவ்வளவு நல்லவரானாலும் புதுப் பெயரில் தொடங்கட்டும்.

பயன்படுத்துபவர் பக்கம்

டார் தன் விளக்கத்தில் இரண்டு தீர்வுகளைச் சொன்னார். ஒன்று, பராமரிப்பவருக்குப் பணம் கொடுங்கள். அல்லது, எதை நம்பியிருக்கிறீர்களோ அதன் பராமரிப்பில் நீங்களும் பங்கெடுங்கள். அன்று பலருக்கு அது தப்பிக்கிற பேச்சாகப் பட்டது. எனக்கு அது கணக்குச் சரியான பேச்சு. பெரும் பணம் புரளும் ஒரு பணப்பைச் செயலி, ஆளில்லாத ஒரு பேக்கேஜைப் பல அடுக்குக் கீழே வைத்துக்கொண்டு, புதுப் பதிப்பு வந்தால் தானாக எடுத்துக்கொண்டது. எந்தப் பதிப்பு வேண்டும் என்று குறித்து வைக்கும் பூட்டுக் கோப்பில் பதிப்பை நிறுத்தி வைப்பது, புதிதாக நுழையும் சார்பைக் கண்ணால் ஒருமுறை பார்ப்பது, இரண்டு செயற்கூறுக்காக இழுத்து வரும் பேக்கேஜை எடுத்துவிட்டு அதை நாமே எழுதிக்கொள்வது, எல்லாம் அன்றும் முடிந்த காரியங்கள்தான். பூட்டுக் கோப்பு இருந்தவர்களில் பலர் 3.3.6-ஐத் தொடவே இல்லை.

சரி, டார் முடிவெடுத்த அந்த நாளுக்குத் திரும்புவோம். மின்னஞ்சல் வந்திருக்கிறது. அனுப்பியவர் யாரென்று தெரியாது, நேரமும் இல்லை. ஆர்க்கைவ் பொத்தானை அழுத்துவதற்கு முன் முகப்பில் நான்கு வரி எழுதியிருந்தால் போதும் என்று நினைக்கிறேன்:

"இந்தப் பேக்கேஜை நான் இப்போது பயன்படுத்துவதில்லை, பராமரிப்பதும் இல்லை. இப்போது இருப்பதே கடைசிப் பதிப்பு, இந்தப் பெயரில் இனி எதுவும் வராது. அப்படி ஏதாவது வந்தால் சந்தேகப்படுங்கள். தொடர விரும்புபவர்கள் ஃபோர்க் போட்டு உங்கள் பெயரில் வெளியிடுங்கள், இங்கிருந்து இணைப்பு தருகிறேன்."